துப்பாக்கிக்கு முன்னால் வரும் முதல் ஆள்

போன மாதம் ஓர் இளம் பெண் எஸ்.ஐ. போனில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தவர். கிரிக்கெட் லீக்கில் ஆடும் ஒருவர் வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருக்கிறார். விசாரணை இவரிடம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் வீரர்கள் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய வீடுகளில் ஆட்கள் புகுவதைப் பற்றிய செய்திகளையும் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறாராம்.

"சார், இதே மாதிரி பிளேயர் கேஸ் ஒண்ணு நீங்க பாத்தீங்களாமே? ரைட்டர் சொன்னாரு."

"பாத்தேம்மா. அது கபடி."

"லைசென்ஸ் குடுத்தாங்களா, இல்லையா சார்?"

அதை மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கேஸில் கொடுத்தார்களா இல்லையா என்பது சின்ன விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

போலீசில் சேருவதற்கு முன் கடலூரில் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒரே பத்தியில் எழுதினால் ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தோடு காக்கி போட்டேன். பயிற்சி, பாரா காவல், தேர்தல் பந்தோபஸ்து, திருவிழாக் கூட்டம் என்று ஆண்டுகள் போயின. ஏட்டாக நெய்வேலி வந்தபோது, எழுத்து சுத்தமாக இருக்கிறது என்று லைசென்ஸ் விசாரணைகளை என் தலையில் கட்டினார்கள்.

துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பார். அங்கிருந்து எஸ்.பி. அலுவலகம் வழியாக ஸ்டேஷனுக்கு வரும். ஆள் மேல் வழக்கு உண்டா, குடிப்பாரா, கோபக்காரரா, பங்காளிச் சண்டை உண்டா, உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா, துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பார் என்று பார்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்கள். பன்றி விரட்ட ஒற்றைக் குழல் கேட்பார்கள். தேர்தல் அறிவித்ததும் அவற்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி வாசலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் சத்தம் போடாதவர். தேனிப் பக்கத்துக்காரர். அறிக்கையைக் கொண்டுபோனால் படிக்கமாட்டார். மேசையில் இருப்பதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கண்ணாடி பேப்பர் வெயிட்டை நடுவில் வைப்பார்.

"இது துப்பாக்கி. இப்ப வீட்டக் கட்டுங்க ஏட்டய்யா."

ஸ்கேல் சுவர். பேனா மூடி வாசல். ஸ்டாம்ப் பேடு கட்டில். யார் எங்கே படுப்பார்கள், பீரோ எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே, நாய் எங்கே என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒரு ஜன்னல் விட்டுப்போனாலும், "திரும்பப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"இதுக்கு முன்னாடி முதல்ல யாரு வந்து நிப்பா?"

மனுதாரர் யாருக்குப் பயந்து துப்பாக்கி கேட்கிறாரோ அந்த ஆளின் பெயரைச் சொன்னால் தலையாட்டமாட்டார். "அவன் வரும்போது வரட்டும். அதுக்கு முன்னாடி வர்றவன் யாருன்னு சொல்லுங்க." கதவைத் தட்டாமல் வரும் மச்சான், குடித்துவிட்டுச் சுவர் ஏறும் மகன், விடியுமுன் பால் கொண்டுவரும் ஆள். அந்தப் பெயர் தெரியாமல் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. முன்பு வேறொரு ஊரில் அவர் பரிந்துரைத்த துப்பாக்கி ஒன்று வீட்டுப் பிள்ளை மேலேயே வெடித்தது என்று ஸ்டேஷனில் பேசிக்கொள்வார்கள். அது கேட்டது, அதனால் தனிப் பத்தியில் வரவேண்டிய செய்தி.

ரகுபதியின் மனு வந்தபோது கபடி லீக் தொடங்க இருந்தது; அதற்கு முன்னோட்டமான போட்டிகள் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தன. கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். ரெய்டர். சுரங்க நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் மனைவி நிர்மலாவோடும் நடக்கத் தொடங்கியிருந்த பெண் குழந்தையோடும் இருந்தான். முந்தைய சீசனில் கடைசி ரெய்டில் பிடிபட்டு, அவனுடைய அணி தோற்றது. அன்று முதல் போன்கள் வந்தன. பந்தயத்தில் பணம் விட்டவர்கள். திட்டினார்கள். பிறகு ஒருவன் திட்டாமல் பேசினான். "நீ ஊர் ஊரா ஆடு. உன் வீடு எங்கன்னு எங்களுக்குத் தெரியும்." அந்தப் பதிவை நானே கேட்டேன். நிதானமான குரல்.

நான் போனபோது ரகுபதி வீட்டில் இருந்தான். முழங்காலில் கட்டு. தோள் அகலமாக, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"போன்ல பேசறவன் பேசிட்டுப் போறான் சார், அது பரவால்ல. ஆனா வூட்டுக்குள்ள எவனோ வந்துட்டுப் போறான். நான் ஊர்ல இருந்தா வரமாட்டேன்றான். என் மேட்சு எங்க, எத்தனை மணிக்குன்னு டிவிக்காரன் ஒரு வாரமா சொல்லிகினே இருக்கான். நான் வூட்ல இல்லன்னு ஊரு ஒலகத்துக்கே தெரியுது. அவன் அதப் பாத்துகினுதான் வரான்."

"என்ன காணாமப் போச்சு?"

நிர்மலா சொன்னார்.

"ஒண்ணும் காணாமப் போவலங்க. எதையாச்சும் எடுத்துகினு போயிருந்தா எனக்கு இவ்ளோ பயம் இருக்காது."

மதியச் சாப்பாட்டுக்குப் பின் முன்னறையில் குழந்தையைப் போட்டுக்கொண்டு அவரும் படுத்துவிடுவார். எழுந்து போனால் சமையலறையில் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். சுவரிலுள்ள நாள்காட்டியில் அன்றைய தேதி தெரியும்; அவர் கிழித்திருக்கமாட்டார். பின்கொடியில் காய்ந்த துணிகள் மடித்து அம்மியின் மேல் இருக்கும். பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருக்கும்.

"காலடி பாத்தேன்னு சொல்லு," என்றான் ரகுபதி.

"ரெண்டு தபா பாத்தேன். பின்கதவுலேர்ந்து சமையல்கட்டு வரைக்கும் ஈரக் காலு. வர்ற காலு மட்டுந்தாங்க. போற காலு இல்ல."

"வேற ஏதாவது?"

அவர் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டார்.

"ஒரு நாளு அரைத் தூக்கத்துல ஆம்பளக் குரலு கேட்டுது. ஒரு பொம்பளப் பேரச் சொல்லிக் கூப்புட்டுது. அது என் பேரு இல்லைங்க."

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பகுதியில் பாதி வீடுகள் காலி. பூட்டிய கதவுகளின் மேல் எண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. வேப்பமரங்கள் அசையவில்லை. தூரத்தில் சுரங்க எந்திரங்களின் முனகல். இங்கே குடியிருப்பவர்களுக்கு அது காதில் விழாது, முனகல் நின்றுபோனால்தான் தெரியும். சமையலறைக்கும் பின்கதவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கதவைப் பார்த்துப் போட்டிருந்தது. பக்கத்தில் சுவரோடு சாய்த்து ஓர் அரிவாள்.

"ஊர்ல இருக்கும்போது மத்தியானம் பூரா இதுலதான் உக்காந்துகினு இருக்காரு. துப்பாக்கி வந்தாலும் இங்கதான் உக்காருவாரு," என்றார் நிர்மலா. அவன் காதில் விழும்படியே சொன்னார்.

பின்கதவு பழைய மரக்கதவு. அதன் வெளிப்புறத்தில் ஓரிடம் மட்டும் பெயின்ட் போய், எண்ணெய் தடவியதுபோல் கறுத்து வழவழப்பாக இருந்தது. உள்ளங்கை அகலம். என் காதுக்கு நேரான உயரம். ரகுபதியைத் தாழ் போடச் சொல்லிவிட்டு வெளியே நின்று, கைப்பிடியை ஒரு கையால் சற்றுத் தூக்கி, மறு கையால் அந்த இடத்தில் அழுத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் தானாக விழும் சத்தம் கேட்டது. திரும்ப இழுத்து ஓர் உதறு உதறினால், தாழ்ப்பாள் மேலேறி மறுபடியும் மாட்டிக்கொண்டது. ரகுபதியின் முகம் மாறியது. இத்தனை நாள் அவன் தாழ் என்று நம்பியது தாழே இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பேப்பர் வெயிட்டை வைத்தார். நான் வீட்டைக் கட்டினேன். ஸ்கேல்கள், பேனா மூடிகள், நாற்காலிக்கு ஒரு தீப்பெட்டி. ஈரக் காலுக்கு விரலால் தண்ணீர் தொட்டு வைத்தேன்.

"தண்ணி எங்கேருந்து வருது?"

"பின்னாடி முற்றத்துல குழாய் இருக்கு சார்."

"திருட வர்றவன் கால் கழுவிட்டா வர்றான்?"

நான் குழாய்க்கு ஒரு குண்டூசியை எடுத்து வைத்தேன்.

"பையன்கிட்ட வண்டி இருக்கா?"

"பெரிய பைக் சார்."

"அத ஏன் வைக்கல? எங்க நிக்கும்?"

ஊரில் இருக்கும்போது பின்முற்றத்தில் கேட்டை ஒட்டி நிற்கும் என்று சொல்லிக்கொண்டே ஸ்டேப்ளரை எடுத்து வைத்தேன். கேட்டாக இருந்த பேனா மூடியை இன்ஸ்பெக்டர் விரலால் உள்பக்கம் தள்ளினார். ஸ்டேப்ளரில் முட்டி நின்றது. ஸ்டேப்ளரை எடுத்துவிட்டுத் தள்ளினார். திறந்தது. வெளியூர் போகும்போது ரகுபதி பைக்கை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போவான்.

"டிவி பாத்து வரல ஏட்டய்யா. கேட்டு திறந்தா வர்றான்," என்றார். பிறகு முன்வாசலாக இருந்த பேனா மூடியை விரலால் தொட்டார். "முன்வாசல் இருக்கறதே அவனுக்குத் தெரியல."

எங்கள் டவுன்ஷிப்பில் மைன்ஸ் வேலைக்காரர் வீட்டுக்கு முன்வாசல் விருந்தாளிக்குத்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர் மேலெல்லாம் நிலக்கரித் தூளோடு வருவார். பின்கேட் வழியாக நுழைந்து, குழாயடியில் கை கால் முகம் கழுவி, பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பெண்டாட்டி போட்ட சட்டம் ஓய்வு பெறும் வரை மாறாது. இது எனக்குத் தெரிந்ததுதான். மேசை மேல் பார்க்கும் வரை தோன்றவில்லை.

சீசன் தொடங்கி ரகுபதி போய்விட்டான். இன்ஸ்பெக்டர் என்னை மஃப்டியில் அனுப்பினார். "போய் உக்காருங்க. கைல ஒண்ணும் வேணாம்."

நிர்மலாவையும் குழந்தையையும் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, சமையலறையை ஒட்டிய நடு அறையில் தரையில் உட்கார்ந்தேன். அரிவாளை நிர்மலாவே எடுத்துப் போயிருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்கள் பெரிய சாலையில் போகும் சத்தம் கேட்டது. அது அடங்கியபின் ஒன்றுமில்லை.

பிறகு பின்கேட்டின் கொக்கி விழுந்தது. கள்ளத்தனமாக அல்ல, வீட்டுக்காரன் திறக்கிற மாதிரி. செருப்பைக் கழற்றும் சத்தம். குழாய் திறந்தது. தண்ணீர் நெடுநேரம் ஓடியது. தொண்டையைக் காறித் துப்பி வாய் கொப்பளிக்கும் ஓசை. கதவு ஒரு விரல் உயரம் எழும்புவதை நான் பார்த்தேன். தாழ்ப்பாள் விழுந்தது.

உயரமான கிழவர். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. கால்களிலிருந்து நீர் சொட்டியது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நேராக நாள்காட்டிக்குப் போய்த் தாளைக் கிழித்து, மடித்துப் பையில் வைத்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சாக்கில் காலை அழுத்தித் துடைத்தார். போகிற கால் ஏன் பதியவில்லை என்று அப்போது புரிந்தது. பிறகு சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, என் பக்கம் பார்க்காமலே கூப்பிட்டார்.

"ஏட்டி மேரி. சோத்தப் போடு."

அந்தக் குரலில் தவறு எதுவும் இல்லை. அந்த வீட்டில் தவறாக இருந்தவன் நான்தான் என்று ஒரு கணம் தோன்றியது. என் கை இடுப்புக்குப் போயிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் என்ன என்பதை இன்றுவரை நான் எழுதிப் பார்த்ததில்லை.

எழுந்து நின்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீரு யாருவே? எப்படி உள்ள வந்தீரு?"

"பின்னால வந்தேங்க ஐயா," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"கால் கழுவினீரா?"

"இல்லைங்க."

"கழுவிட்டு வாரும். அவ ஏசுவா," என்றார்.

பக்கத்து வீட்டு ஆபரேட்டர் வந்து பார்த்ததும், "தேவசகாயம் அண்ணனா!" என்றார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சர்வீஸ் முழுவதும் அதே வீட்டில் இருந்தவர். மனைவி மேரி இறந்ததுகூட அதே வீட்டில்தான். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே மகளோடு இருந்தார். மகள் ஸ்டேஷனுக்கு வந்து அழுதார். "சர்ச்சுக்குப் போறேன்னுதான சார் சொல்லிட்டுப் போவாங்க. சட்டைப் பையில தேதித் தாளு இருக்கும். கேட்டா, இன்னைக்கு வேலைக்குப் போனேன்லாம்பாங்க."

இன்ஸ்பெக்டர் ரகுபதியைப் போனில் அழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, போன மாசம் ஒரு நாள் வண்டி இல்லாம நீ வீட்ல இருந்து, உன் கைல துப்பாக்கியும் இருந்திருந்தா, அதுக்கு முன்னாடி முதல்ல யாரு வந்து நின்னிருப்பா?"

மறுமுனையில் விசில் சத்தமும் பயிற்சி ஆட்களின் கூச்சலும் கேட்டன. ரகுபதி இன்னொரு கேள்வி கேட்டான்.

"அந்தப் போன்காரன் நெசம்தான சார்? அவன் வந்தா?"

"நெசம்தான். அவன நாங்க தேடறோம். வரமாட்டான்னு நான் சொல்லமாட்டேன்."

"அப்ப நான் என்னாதான் பண்றது?"

"பைக்க வீட்ல விட்டுட்டு ஆட்டோல ரயில்வே ஸ்டேஷனுக்குப் போ. பின்கதவ மாத்து."

ஊர் திரும்பியதும் ரகுபதி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அந்தப் போன் வேறு மாநிலத்திலிருந்து வந்தது என்பதுவரை கண்டுபிடித்தார்கள்; பேசியவன் கிடைக்கவில்லை. அவன் வரவுமில்லை. இரும்புக் கதவு போட்டார்கள். கேட்டை ஒட்டி பைக் எப்போதும் நின்றது. ஆகவே கேஸ் முடிந்தது.

சில மாதங்கள் கழித்து நிர்மலாவை மார்க்கெட்டில் பார்த்தேன். பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"பயம் இல்லைங்க. ஆனா அந்தப் பெரியவரு இப்பவும் வராரு. அவரு பொண்ணு அந்தக்கா எவ்ளோ பாத்துகினாலும் எப்பிடியோ கெளம்பி வந்துடறாரு. கேட்டத் தள்ளிப் பாப்பாரு. தொறக்காது. மேலால எட்டிப் பைக்கையே பாத்துகினு நிப்பாரு. யாரு வண்டி இதுன்ற மாதிரி. நான் ஜன்னல்லேர்ந்து பாப்பேன். கூப்புட்டுத் தண்ணி குடுக்கலாம்னு தோணும். முன்வாசல் வழியா வாங்கன்னு ஒரு தபா கூப்புட்டேன். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல."

பெண் எஸ்.ஐ.யிடம் இதுவரை சொன்னேன். கிரிக்கெட் வீரரின் வீட்டை மேசை மேல் கட்டிப் பார்க்கச் சொன்னேன். "வண்டிய மறந்துடாதம்மா" என்றேன். ஆபத்து பொய் என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரன் ஆடப் போயிருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, அது உண்மையான ஆபத்துதான். ஆனால் அந்த வீட்டுக்கு முதலில் வருகிறவர் டிவி பார்த்துவிட்டு வருகிறவராக இருக்கமாட்டார் என்பது என் அனுபவம்.

அவரிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அது இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு நடந்தது.

ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப்பில் இருந்த போலீஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பண்ருட்டி சாலையில் கட்டிய வீட்டுக்குப் போய்விட்டேன். போன வாரம் பேங்க் வேலையாக டவுன்ஷிப்புக்கு வந்தேன். வேலை முடிந்தது. நல்ல வெயில். தேவசகாயத்தின் கால் ஈரத்தை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பழக்கமான நிழல், பழக்கமான திருப்பம். கேட்டின் கொக்கியைத் தூக்கித் தள்ளினேன். திறக்கவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினேன். உள்ளே ஒரு பைக் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

"எவன்டா இங்க வண்டிய நிறுத்தினது?" என்று சத்தமாகவே கேட்டேன். உண்மையான கோபத்தோடு.

கேட்டபிறகுதான் கதவின் நிறத்தைப் பார்த்தேன். பச்சை. நான் இருந்தபோது நீலம்.

வீட்டுக்குள்ளே யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழும் சத்தம் கேட்டது.